கேட்டில் முகம் பதியச் சொல்கிறார்கள்: தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?

வாசகர் கேள்வி – 2025 டிசம்பர் 4

நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கத்தில் ஓர் அப்பார்ட்மென்ட். அசோசியேஷன் மீட்டிங் வருகிறது. லிஃப்ட், மாடிப்படி, மொட்டை மாடி எல்லாவற்றிலும் கேமரா, கேட்டில் முகம் பார்த்துத் திறக்கும் மெஷின், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள் எல்லோருக்கும் கட்டாய முகப்பதிவு என்று தீர்மானம் கொண்டுவருகிறார்கள். நான் ஆதரித்து ஓட்டுப் போடத்தான் போகிறேன். எதிர்க்கிற இரண்டு பேர் பிரைவசி, பிரைவசி என்கிறார்கள். தப்பு செய்யாதவருக்கு கேமராவைப் பார்த்து என்ன பயம்? கேமராவில் சென்னைதான் உலக நம்பர் ஒன், அதனால்தான் திருடர்கள் பிடிபடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 4, இரவு

விவரம் என்று கேட்டதால் எழுதுகிறேன். கேமரா மாட்டுவது, கேபிள் இழுப்பது, டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டியை செட் செய்து கொடுப்பது என்று இந்தத் தொழிலிலேயே கிடந்தவன். அப்புறம் நெட்வொர்க் பாதுகாப்பு வேலைக்கு மாறிவிட்டேன். கேமராவே கூடாது என்கிற ஆள் இல்லை. அந்தக் காசில்தான் தங்கை கல்யாணமே நடந்தது.

தப்பு செய்யாதவருக்குப் பயம் இல்லை என்றால் முகம் பதிகிறவர்கள் பட்டியலில் ஓனர்கள் ஏன் இல்லை? வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர், கேன்காரர் என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். செக்ரட்டரி, டிரஷரர் பெயரைக் காணோம்.

சரி, அது கிடக்கட்டும். டிவிஆர் எந்த ரூமில் இருக்கிறது, பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது, பதிவை யார் அழிக்கலாம், பழி சுமத்தப்பட்டவர் கேட்டால் காட்டுவீர்களா? மீட்டிங்கில் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள். கேமரா நல்லதா கெட்டதா என்று எத்தனை மணி நேரம் பேசினாலும் ஒன்றும் கிடைக்காது. அழிக்கும் பட்டன் யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிசம்பர் 5

நம்பர் ஒன் விஷயம். பெருமையாக ஃபார்வர்டு ஆகும் அந்தக் கணக்கு 2021 தொடக்கத்தில் சர்ஃப்ஷார்க் என்ற விபிஎன் கம்பெனி போட்டது. சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா, உலகத்தில் முதலிடம் என்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் கம்பேரிடெக் என்ற இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் டெல்லி முதலிடம், லண்டன் இரண்டாமிடம், சென்னை மூன்றாமிடம். அதில் சென்னைக்குச் சதுர மைலுக்குச் சுமார் 610. சதுர மைலைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 235 பக்கம் வரும். ஒரே ஊர், ஒரே வருஷம், கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். கடைக்காரர் தன் வாசலில் மாட்டியதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது அவரவர் வசதி. கேமரா எக்கச்சக்கம் என்பது மட்டும் உண்மை. ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்று தெருவுக்குத் தெரு மாட்டச் சொன்னார்கள் இல்லையா, எங்கள் மாதிரி ஆட்களுக்கு அப்போது மூச்சுவிட நேரமில்லை.

செயின் பறிப்பு வழக்குகளில் அது உதவியது என்பதையும் மறுக்க மாட்டேன். ஒரு தெருவில் பைக் திரும்பிய பதிவை வைத்து அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கோத்துக்கொண்டே போய்ப் பிடிப்பார்கள். ஆனால் பாருங்கள், அந்த வேலை செயின் அறுந்த பிறகுதான் தொடங்குகிறது.

டிசம்பர் 5, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, டிவிஆர் ரூமைப் பற்றி எழுதிவிடுகிறேன். பார்க்காதவர்கள் ஏதோ கன்ட்ரோல் ரூம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் அது வாட்ச்மேன் ரூம். இரும்பு ராக் என்று தனியாக பில் போட்டிருப்போம். அந்த ராக்கின் சாவி அதன் பூட்டிலேயே தொங்கும். ராக்குக்கு மேலே டிபன் பாக்ஸ், சாமி படம், காய்ந்த கதம்பம். டிவிஆர் முகப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் மார்க்கரால் அட்மின் என்றும் அதற்குக் கீழே அப்பார்ட்மென்ட் பெயரோடு 123 சேர்த்தும் எழுதியிருக்கும். அதுதான் பாஸ்வேர்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆரை போனில் ஸ்கேன் செய்து அந்த 123-ஐப் போட்டால் போதும், துபாயில் உட்கார்ந்துகொண்டு உங்கள் லிஃப்டைப் பார்க்கலாம். டேப்பை யார் ஒட்டுகிறார்கள்? நாங்கள்தான் ஒட்டுவோம். பாஸ்வேர்டு மறந்துபோய் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு போன் செய்வார்களே, அதற்குப் பயந்து.

இன்னொன்று. கேமரா மாட்டியவரின் போனைக் கையில் வாங்கிப் பாருங்கள். அந்த ஆப்பில் வரிசையாக நகைக்கடை, கிளினிக், ஸ்கூல், யார் யார் வீட்டு ஹாலோ இருக்கும். சர்வீஸ் கால் வந்தால் வண்டி எடுக்காமல் இங்கிருந்தே பார்க்கலாம் என்ற வசதிக்காக வைத்திருப்பது. ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆனாலும் அது அங்கேயேதான் இருக்கும். எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 6

“இதெல்லாம் நடக்கிற கதையா, யாருக்கு நம் லிஃப்டைப் பார்க்க நேரம்” என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார்.

2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபில் துண்டு துண்டாக வந்தன. முழுசாக வேண்டுமென்றால் காசு கட்டு என்று டெலிகிராம் லிங்க். ஆமதாபாத் சைபர் கிரைம் போலீஸ் விசாரித்தபோது வேறு பல மாநிலங்களின் கேமராக்களில் இருந்து எடுத்த காட்சிகளும் சிக்கின. உள்ளே போக ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. பெட்டியோடு வந்த மாதிரியான, யாரும் மாற்றாத பாஸ்வேர்டுதான் வழி என்று செய்திகளில் வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, பரிசோதனை அறைக்குள் கேமரா எதற்கு? யாரோ ஒருத்தர் பாதுகாப்புக்கு என்றுதான் மாட்டச் சொல்லியிருப்பார். யாரோ ஒரு டெக்னீஷியன் ஒன்றும் கேட்காமல் ஏணி போட்டிருப்பார்.

அதற்கும் முன்னால் 2016-இல் மிராய் என்ற கெடுநிரல். டீபால்ட் பாஸ்வேர்டு வைத்த கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கத் தேடித் தேடிப் பிடித்து, அவற்றை ஒரு படையாக்கி, அந்த அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் மேல் ஏவினார்கள், பெரிய பெரிய இணையதளங்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கிற நிறுவனம் அது. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. அந்த மிராயை எழுதியவர்கள் பெரிய உளவு நாட்டுக்காரர்கள் இல்லை, மூன்று இளவட்டங்கள். அடுத்த வருஷம் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்கள். படையில் சேர்ந்த கேமரா ஓனர்களுக்கு ஒன்றுமே தெரியாது. படம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 6, மாலை

முக மெஷின் பற்றித் தனியாகக் கேட்டார்கள். பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். மூஞ்சியை எங்கே போய் மாற்றுவது? 2019 ஆகஸ்டில் பயோஸ்டார் 2 என்ற கதவு திறக்கும் சிஸ்டத்தின் தரவுத்தளம் இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைரேகை, முக விவரம், சில பாஸ்வேர்டுகள்கூட மறையாக்கம் இல்லாமல். அது பல நாடுகளில் விற்கிற பெரிய கம்பெனிச் சரக்கு. உங்கள் அப்பார்ட்மென்டுக்குக் குறைந்த கொட்டேஷனில் வரப்போவது என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இதே மாதிரி நாலு அப்பார்ட்மென்டில் வேலை பார்ப்பார். நாலு இடத்திலும் முகம், ஆதார் ஜெராக்ஸ், போன் நம்பர். முடியாது என்றால் வேலை இல்லை. இதைச் சம்மதம் என்று ஃபார்மில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

டிசம்பர் 7

சஞ்சார் சாத்தி பற்றி இங்கே ஏன் பேசவில்லை என்று கேள்வி. பேசலாமே. நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில், இனி விற்கும் எல்லா போன்களிலும் அந்த அரசு ஆப் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றார்கள். விஷயம் வெளியே வந்ததும் கூச்சல், டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று வாபஸ். திருட்டு போனைக் கண்டுபிடிக்க அந்த ஆப் உதவும் என்பது உண்மைதான். நான்கூட வைத்திருக்கிறேன். நானாகப் போட்டுக்கொண்டது, வேண்டாமென்றால் எடுத்துவிடுவேன்.

நாடு முழுக்கச் சத்தம் போட்டு அதை நிறுத்தினோம் அல்லவா? அதே வாரத்தில்தான் நம் கேட்டில் இந்தத் தீர்மானம். போன் நம்முடையது என்றதும் உறைக்கிறது.

டிசம்பர் 9

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஏரியா, எந்த அப்பார்ட்மென்ட் என்று கேட்காதீர்கள்.

ஒரு வீட்டில் வளையல் காணோம். ப்ளேபேக் பார்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ரூமுக்குள் செக்ரட்டரி, வளையல் வீட்டுக்காரர், இன்னும் நாலைந்து பேர், எல்லோரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா வெளியே வெயிலில் நிற்கிறார். அவரை உள்ளே கூப்பிடலாமே என்றேன். “அவங்க எதுக்கு சார், நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினேன். காலையில் ஒயர் கூடையோடு வருகிறார், மதியம் அதே கூடையோடு போகிறார். கேட்டில் வாட்ச்மேன் கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறார். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறார்: தூக்குவாளி, ஒரு துண்டு, பேப்பரில் சுற்றிய மருதாணி. பின்னால் நிற்கிற காருக்கு வழிவிட்டு அதையெல்லாம் திரும்ப அள்ளுகிறார். இது தினமும் நடக்கிறது என்று அடுத்தடுத்த நாள் பதிவிலும் தெரிந்தது. தினமும் கூடை கவிழும், தினமும் தரையில் பரப்பி வைப்பார்.

வளையல் அந்த வீட்டு பீரோவுக்குள்ளேயே கிடைத்தது, அது வேறு கதை. அதற்குள் அவர் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உஷார் என்று எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று. கிடைத்துவிட்டது என்று ஒருத்தரும் அந்தக் குரூப்பில் எழுதவில்லை. பக்கத்து அப்பார்ட்மென்ட் குரூப்புக்கும் படம் போய்விட்டது. அவருக்கு அங்கே இருந்த வேலையும் போனது.

கேமரா அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னது. கேட்க விட்டது யாரை என்பதுதான் என் சண்டை.

டிசம்பர் 10

மேலே எழுதியதற்கு வந்த பதில்களில் பாதி, “எல்லோரும் அப்படி இல்லை”. தெரியும்ங்க. என் அம்மா தனியாக இருக்கிறார், கேமராதான் துணை என்று எழுதிய அம்பத்தூர்க்காரருக்கு: தாராளமாக மாட்டுங்கள், உங்கள் வாசலைப் பார்த்தபடி மாட்டுங்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அம்மாவின் படுக்கையறையில் மாட்டுவதாக இருந்தால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். வயதாகிவிட்டால் உடை மாற்றும்போது கூச்சம் போய்விடும் என்று யார் சொன்னது?

கூட்டுக் குடும்ப வீட்டில் சகோதரர் ஒருவர் கேமரா மாட்டிய கேஸ் ஒன்று கல்கத்தாவில் இருந்து சுப்ரீம் கோர்ட் வரை போனது. கூட வசிப்பவர்களின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா கூடாது என்று கல்கத்தா ஐகோர்ட் சொன்னது. அதில் தலையிட முடியாது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிக்குள்ளேயே சம்மதம் வேண்டும் என்றால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற வாடகைக்காரருக்கு?

டிசம்பர் 12

மதுரைக்காரர் ஒருவர் சாத்தான்குளத்தை எடுத்தார். நானே எழுத நினைத்தது.

2020 ஜூன் 19. ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ், போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு இறந்துபோனவர்கள். அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. டிவிஆரில் 1 டிபி ஹார்ட்டிஸ்க் இருந்தது. அன்று இரவு என்ன நடந்தது என்று பார்க்கப் போன மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் வந்தது இதுதான்: ஹார்ட்டிஸ்க்கில் போதுமான இடம் இருந்தும், பதிவு ஒவ்வொரு நாளும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் தேதிக் காட்சிகள் இல்லை.

தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். டிவிஆர் வாங்கி மாட்டினால் டிஸ்க் நிரம்பின பிறகுதான் பழையதன் மேல் புதுசு எழுதும். அதுதான் பெட்டியோடு வரும் பழக்கம். ஒரு நாளில் அழி என்பது மெனுவுக்குள் போய் யாராவது கைவைத்து மாற்றினால்தான் வரும். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். எட்டு கேமரா இருந்தால்கூட 1 டிபியில் ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும். ஒன்றிரண்டு கேமரா என்றால் வாரக்கணக்கில் நிற்கும்.

அங்கே உண்மையைச் சொன்னது கேமரா இல்லை, ஒரு பெண் தலைமைக் காவலர். கேமராவுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது.

அதே வருஷம் டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும், லாக்கப் உட்பட, கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது என்று உத்தரவு போட்டது. அது சரியாக நடக்கவில்லை என்று 2025 செப்டம்பரில் அதே கோர்ட் தானாக முன்வந்து மறுபடி வழக்கை எடுத்தது. ஐந்து வருஷம். ஒரு டீக்கடையில் கேமரா போட எங்களுக்கு அரை நாள் போதும்.

டிசம்பர் 12, இரவு

ஒரு சின்ன விஷயம் சேர்க்க விட்டுப்போனது. உங்கள் அசோசியேஷன் “30 நாள் ரெக்கார்டிங் இருக்கு” என்று சொன்னால் நம்பாதீர்கள். மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள். புது கம்ப்ரெஷனில் பாதிதான் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் 16 கேமராவுக்கு 4 டிபி டிஸ்க் பதினோரு பன்னிரண்டு நாள்தான் வரும். எதுவும் அசையாதபோது பதிவை நிறுத்தினால் கூடும். லிஃப்டில் எது அசையாமல் இருக்கிறது?

டிசம்பர் 14

“அப்படியென்றால் ஒளிந்திருந்து ரெக்கார்டு செய்வது எப்போதுமே தப்பா?” நல்ல கேள்வி, மூன்று நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. எப்போதுமே தப்பு என்று சொல்லத்தான் வாய் வருகிறது. உடனே திருப்புவனம் வந்து குறுக்கே நிற்கிறது.

2025 ஜூன். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். பக்தர் ஒருவரின் நகை காணவில்லை என்ற புகார், விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள், இறந்துபோனார். அவரை அடிக்கும் காட்சி வெளியே வந்தது எந்த அரசு கேமராவில் இருந்தும் இல்லை. ஒருத்தர் மறைவாக நின்று போனில் எடுத்தது. வழக்கு சிபிஐக்குப் போனதில் அந்தச் சில நொடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எடுத்தவர் அங்கிருந்தவர்களிடம் சம்மதமா கேட்டிருக்க முடியும்?

வளையல், நகை. இரண்டு இடத்திலும் பழி விழுந்தது யார் மேல் என்று பாருங்கள்.

ஆக இப்போதைக்கு நான் வந்து நிற்கிற இடம் இது. அதிகாரம் உள்ளவர் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது, அதை எளியவர் பதிவு செய்தால் அவருடைய அந்தரங்கம் போய்விட்டது என்று அழ எனக்கு மனசு வரவில்லை. மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தெரியாமல் எடுத்தால் அது வேறு. நடுவில் வருகிற கேஸ்கள்தான் சிக்கல், எடுத்துக்காட்டாகப் புருஷன் பெண்டாட்டி. நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 16

நாளைக்கு என்றேன், வேலை.

புருஷன் பெண்டாட்டி. 2024 அக்டோபரில் ஐகோர்ட் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு கொடுத்தார். மனைவியின் கால் லிஸ்டை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் கணவன் தாக்கல் செய்தார். அந்தரங்கத்தை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது கல்யாணத்தின் அடித்தளத்தையே உலுக்கும் என்ற ரீதியில் போனது அந்தத் தீர்ப்பு. படித்ததும் அப்பாடா என்று இருந்தது. 2025 ஜூலை 14 அன்று சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் வேறு மாதிரி சொன்னது. விபோர் கார்க் வழக்கு. மனைவியின் பேச்சைக் கணவன் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார், அது சாட்சியமாகச் செல்லும் என்றது. வேவு பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கல்யாணம் ஏற்கெனவே உடைந்துதானே கிடக்கிறது என்பது அதன் வாதம்.

இதற்கு இங்கே பெண்கள் இரண்டு பேர் எழுதிய பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. ஒருத்தர், அடியும் வசவும் நாலு சுவருக்குள் நடக்கிறது, ரெக்கார்டு செய்யாமல் நான் எப்படி நிரூபிப்பது என்கிறார். இன்னொருத்தர் வீட்டில் போன் வாங்கிக் கொடுத்ததே கணவர்தான். பேட்டர்ன் லாக் அவருக்குத் தெரியும், லொகேஷன் அவர் போனில் ஓடுகிறது, மெயில் ஐடியும் அவர் உருவாக்கியது. இவர் எங்கே ரெக்கார்டு செய்து எங்கே ஒளித்து வைப்பது? ஒரே சட்டம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாமவருக்கு ஒரு வார்த்தை: பாஸ்வேர்டை எல்லாம் சட்டென்று ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றியதே சண்டைக்குக் காரணமாகும். முதலில் நம்பிக்கையான யாராவது ஒருவரின் போனில் இருந்து புது மெயில் ஒன்று. அப்புறம் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவும் உங்கள் போனில் இருந்து வேண்டாம்.

டிசம்பர் 17

மகளின் லொகேஷனைப் பார்ப்பது தப்பா என்று கேட்ட அப்பாவுக்கு. மகளுக்குத் தெரிந்து பார்க்கிறீர்களா? உங்கள் லொகேஷன் மகளுக்குத் தெரிகிறதா? எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஆன். போன வாரம் பெண் மெசேஜ் அனுப்புகிறாள்: “அப்பா, டாக்டர் இனிப்பு கூடாதுன்னு சொன்னார், நீ ஏன் அரை மணி நேரமா ஸ்வீட் கடையில நிக்கிற?”

டிசம்பர் 19

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்கிறவர்களுக்கு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், புட்டசாமி வழக்கு. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் வந்தது 2025 நவம்பரில். அதிலும் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்கிறது. அதே சட்டத்தில் அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு மொத்தமாக விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பெரிதாகப் பேசப்படாத ஒன்று உண்டு. அவகாசம் எதுவும் இல்லாமல் உடனே அமலுக்கு வந்த பிரிவுகளில் ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு. முன்பு ஓர் அதிகாரியின் விவரம் கேட்டால், தனிப்பட்ட தகவலாகவே இருந்தாலும், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்று சொன்னால் அந்தப் பிரிவின்படி மறுத்துவிடலாம். பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்ற பொதுவான வழி 8(2)-இல் மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். என் தரவைக் காப்பது 2027-இல், அவர்கள் தரவைக் காப்பது இன்றைக்கே.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். போன் ஒட்டுக்கேட்பில் 2025 ஜூலையில் நம் ஐகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், லஞ்ச வழக்கில் 2011-இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு இரண்டும் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று மட்டும் ரகசியமாக ஒட்டுக்கேட்கக் கூடாது என்று. “லஞ்சம் வாங்கினவன் தப்பித்துவிட்டானே” என்று உடனே வரும். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். அந்தக் கதவை லஞ்சக்காரருக்கு மட்டும் திறந்துவைக்க வழியிருந்தால் சொல்லுங்கள்.

டிசம்பர் 22

கேள்வி கேட்டவரே வந்து மீட்டிங்கில் நடந்ததை எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா. முக மெஷின் தள்ளிவைப்பு. கொள்கைக்காக என்று நினைத்துவிடாதீர்கள், ஓனர்களும் முகம் பதிய வேண்டும் என்று இவர் எழுந்து சொன்னாராம், அதோடு ஆதரவு சரிந்துவிட்டதாம். கேமரா லிஃப்டிலும் கேட்டிலும் மட்டும். டிவிஆர் ரூமில் ஒரு நோட்டு: யார், எந்தத் தேதிப் பதிவை, எதற்குப் பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்து. பழி சுமத்தப்பட்டவருக்குக் காட்டாமல் பதிவை வெளியே அனுப்பக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னேன், அது மட்டும் நிறைவேறவில்லை. “வேலைக்காரங்க கேட்டா எல்லாம் காட்டணுமா?” என்று ஒருத்தர் எழுந்தாராம். அடுத்த மீட்டிங்கில் மறுபடி கொண்டுவாருங்கள் சார், அது இல்லாமல் அந்த நோட்டு சும்மா.

கூடையைக் கவிழ்க்கிற வழக்கம் உங்கள் கேட்டில் உண்டா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

டிசம்பர் 27

போலீஸ் புகாருக்குப் பதிவு எப்படிக் கொடுப்பது என்றவருக்கு: மானிட்டரை போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் கோர்ட்டில் நிற்காது. டிவிஆரிலிருந்தே பென்டிரைவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி டிவிஆர்களில் கடிகாரம் இருபது நிமிஷம் தள்ளி ஓடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும், ஃபைலின் ஹாஷ் எண்ணையும் (ஃபைலின் கைரேகை மாதிரி) அதில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சம்பவம் நடந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று விட்டால் அதன் மேல் வேறு ஏதாவது எழுதிவிடும்.

டிசம்பர் 28

பழைய டிவிஆரை எடைக்குப் போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம். நாலு ஸ்க்ரூ கழற்றி ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டுப் போடுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்று கேட்கிற கடைக்கும் அப்படித்தான். டிஸ்க் இல்லாவிட்டால் 500 ரூபாய் குறைப்பேன் என்பார், குறைக்கட்டும்.

கேமரா மாட்டியவருக்கு இன்றே போன் செய்து, உங்கள் சைட்டை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த மாஸ்கிங் டேப்பைக் கிழித்துவிடுங்கள்.